ஐ.டி. பக்கம் வர ஹார்ட்வெயர் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கேள்வி மூதூரில் இருந்து வந்திருக்கிறது. உயர்தரம் வணிகப் பிரிவில் முடித்த ஒரு தங்கச்சி. ஐ.டி. துறைக்கு வர விருப்பம், ஆனால் கொம்பியூட்டர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியாது என்கிறா. முதலில் ஒரு ஹார்ட்வெயர் கோர்ஸ் செய்யத்தான் வேண்டுமா, அதைப் படித்தால் வேலை இருக்கிறதா, பெண்பிள்ளைக்கு இது சரிவருமா, என்ன மெஷின் வாங்குவது என்று நாலு கேள்வி. திருகோணமலை ரவுனில் கொம்பியூட்டரும் நெட்வேர்க்கும் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், ஆறுதலாக வாசியுங்கோ.

ஹார்ட்வெயர் தெரியத்தான் வேண்டும். ஆனால் கடையில் இருந்து திருத்துகிற ஆளுக்குத் தெரிகிற அளவு எல்லாருக்கும் தேவையில்லை. பாகங்களின் பெயரைப் பாடமாக்கினால் போதும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பெயர்கள் ஓ.எல். புத்தகத்திலேயே படத்தோடு இருக்கின்றன. ஒரு மெஷின் மந்தமாக ஓடினால் எந்தப் பாகம் மற்றதைக் காக்க வைக்கிறது, ஓடாமலே நின்றால் எங்கே இருந்து தேடத் தொடங்குவது, இந்த இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால் உங்களுக்கு ஹார்ட்வெயர் தெரியும் என்று நான் ஒப்புக்கொள்வேன். பிறகு நீங்கள் நெட்வேர்க் பக்கம் போனாலும் சரி, புரோகிராம் எழுதப் போனாலும் சரி, இந்த இரண்டும் கூடவே வரும்.

முதலில் மந்தத்தைப் பார்ப்போம். கணக்கெல்லாம் போடுகிற மூளைதான் புரொசெசர். 3 கிகாஹேர்ட்ஸ் புரொசெசர் என்றால் ஒரு செக்கனுக்கு 300 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்கு ஒரு நனோசெக்கனில் (செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு) மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கும். ஓடிக்கொண்டிருக்கிற வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கிற ரேமில் இருந்து ஒரு தகவல் எடுக்கச் சுமார் 100 நனோசெக்கன். அணைத்த பிறகும் தகவலைச் சேமித்து வைத்திருக்கிற எஸ்.எஸ்.டி.யில் இருந்து எடுக்கச் சுமார் 100 மைக்ரோசெக்கன். அதே வேலையைச் செய்கிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் கதை வேறு. உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றுகிறது, அதாவது செக்கனுக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். வாசிக்கிற முனை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், பிறகு வேண்டிய இடம் சுழன்று அதற்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் 10 மில்லிசெக்கனைத் தாண்டிவிடும்.

இந்த எண்கள் எல்லாம் ஒரே மாதிரிச் சின்னதாகத்தான் தெரியும். அதனால் புரொசெசரின் ஒரு துடிப்பை ஒரு செக்கன் என்று இழுத்து நீட்டிப் பாருங்கோ. அந்தக் கணக்கில் ரேம் பதில் தர 5 நிமிடம். எஸ்.எஸ்.டி. பதில் தர மூன்றரை நாள். ஹார்ட் டிஸ்க் பதில் தரப் பதினொரு மாதத்துக்கு மேல்! புரொசெசர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அத்தனை மாதமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "ஐ7 மெஷின்தான், ஆனாலும் திறக்கவே அஞ்சு நிமிசம் எடுக்குது" என்று கொண்டுவருகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி. போட்டால் பத்து வருசப் பழைய லெப்டொப்பும் திரும்ப வேலைக்கு வரும்.

ரேம் இதில் எங்கே வருகிறது? ரேம் நிரம்பி வழிந்தால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கிலேயே எழுதி வைக்கும். 5 நிமிடத்தில் கிடைக்க வேண்டியது திடீரென்று நாள்கணக்குக்குப் போய்விடுகிறது. இதை நீங்களே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். பர்ஃபோமன்ஸ் பக்கத்துக்குப் போய், பிரவுசரில் இருபது முப்பது பக்கங்களைத் திறந்துவிட்டுக் கவனியுங்கோ. மெமரி 90 வீதத்தைத் தாண்டும்போதே டிஸ்கும் 100 வீதத்தைத் தொட்டால் ரேம் போதவில்லை. மெமரி பாதிதான், ஆனால் டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் டிஸ்க் மந்தம், அல்லது சாகப் போகிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (டிஸ்கில் தகவல் எழுதப்படுகிற சின்னத் துண்டுகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வேறு யோசனை வேண்டாம், அன்றைக்கே தகவலைப் பிரதி எடுத்துவிட வேண்டும். அதே டாஸ்க் மெனேஜரில் மெமரியைத் தட்டினால் ரேமின் வேகமும், எத்தனை ஸ்லொட்டில் எத்தனை பாவனையில் இருக்கிறது என்பதும் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் தொடாமலே முதல் பாடம் முடிந்துவிட்டது.

நாளைக்கு நீங்கள் கிளவுட் பக்கம் வேலைக்குப் போனாலும் இதே கணக்குத்தான். அங்கே இன்டர்நெட் வழியாக ஒரு சேர்வரை, அதாவது பெரிய கொம்பியூட்டர் ஒன்றை, வாடகைக்கு எடுக்கும்போது எத்தனை புரொசெசர் கோர், எவ்வளவு மெமரி, டிஸ்க் செக்கனுக்கு எத்தனை தடவை எழுதி வாசிக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். தேவைக்கு மேல் எடுத்தால் மாதாமாதம் டொலர் போகும்.

இனி ஓடாமல் நிற்கிற மெஷின். உப்புவெளியில், கடற்கரையில் இருந்து கல்லெறி தூரத்தில் இருக்கிற ஒரு விருந்தினர் விடுதியில் இருந்து டெஸ்க்டொப் ஒன்று வந்தது. சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. எல்லாப் பாகமும் செருகியிருக்கிற பலகையான மதர்போர்ட் போய்விட்டது என்று கொண்டுவந்தவரே முடிவு கட்டிவிட்டார். பக்க மூடியின் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகியிருந்தன, யூ.எஸ்.பி. போர்ட்டுகளின் விளிம்பு மண்ணிறமாக மாறியிருந்தது. முதலில் மொனிட்டரையும் கேபிளையும் வேறொரு மெஷினில் போட்டுப் பார்த்தேன், நல்லாக இருந்தது. பிறகு இந்தப் பெட்டியில் கழற்றக் கூடிய எல்லாவற்றையும் கழற்றினேன்: டிஸ்க், டிவிடி, மேலதிக கார்ட், இரண்டு ரேமில் ஒன்று. மிஞ்சியது மதர்போர்ட், புரொசெசர், ஒரு ரேம், பவர் சப்ளை. அப்போதும் திரை கறுப்பு. அந்த ரேமை அடுத்த ஸ்லொட்டுக்கு மாற்றினேன், கறுப்புத்தான். மற்ற ரேமைப் போட்டேன், திரை வந்தது. பழுதான ரேமின் தொடுகை விளிம்பை வெளிச்சத்தில் பிடித்தால் பொன்னிறம் மங்கி, புகை படிந்த மாதிரி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, ஐசோப்ரொபைல் அல்ககோல் தொட்ட துணியால் தூசை எடுத்துப் போட்டதும் அதுவும் ஓடியது. மதர்போர்ட்டுக்கு ஒன்றுமே இல்லை.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒழுங்கு. சுவிட்ச் போட்டதும் பவர் சப்ளை தன் மின்னழுத்தங்கள் சரி என்று மதர்போர்ட்டுக்கு ஒரு சைகை கொடுக்கும். அதற்குப் பிறகுதான் புரொசெசர் எழும்பும். மதர்போர்ட்டிலேயே இருக்கிற தொடக்க மென்பொருளான பயோஸ் ரேமைச் சோதிக்கும், திரையை எழுப்பும், கடைசியாக டிஸ்கைத் தேடும். எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். காற்றாடியே சுற்றவில்லை என்றால் கரண்ட் பக்கம். சுற்றியும் திரை வரவில்லை என்றால் பெரும்பாலும் ரேம் அல்லது திரைப் பக்கம். கம்பெனியின் சின்னம் வந்து, பிறகு டிஸ்க் இல்லை என்று சொன்னால் டிஸ்க் அல்லது அதன் கேபிள். விண்டோஸ் வந்த பிறகு நீலத்திரை வந்தால் டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு இணைக்கிற மென்பொருள்), ரேம், சூடு என்று தேட வேண்டிய வட்டம் பெரிசாகிவிடும். அதுதான் உண்மையில் சோலியான பழுது.

இன்னொன்று: ஒரு மெஷினில் எந்தப் பாதுகாப்பான இணையத்தளத்துக்குப் போனாலும் சான்றிதழ் பிழை என்று வருகிறது, இன்டர்நெட் கம்பெனியோடு ஒரு கிழமையாகச் சண்டை. மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் பல வருசம் பின்னுக்கு நிற்கிறது. மதர்போர்ட்டில் சில்லறைக் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். அது இறந்தால் மெஷினைச் சுவர் சுவிட்சில் அணைத்துப் போடும் ஒவ்வொரு தடவையும் திகதி பழையதுக்குப் போய்விடும். தளம் தன்னை உண்மையானது என்று காட்டுகிற சான்றிதழ்களுக்குச் செல்லுபடித் திகதி உண்டு, அதனால் எல்லாத் தளமும் மறுக்கும். இது நெட்வேர்க் பிரச்சினை மாதிரித் தெரிகிற ஹார்ட்வெயர் பிரச்சினை. இப்படியானதைக் கண்டுபிடிக்கிற ஆள்தான் ஒஃபிஸ்களுக்குத் தேவை.

பழகுவதற்கு யாராவது தூக்கி எறியப் போகிற பழைய டெஸ்க்டொப் ஒன்றைக் கேட்டு வாங்குங்கோ. ஓடாவிட்டாலும் பரவாயில்லை. கழற்றிப் பூட்டுங்கோ, திரும்பக் கழற்றுங்கோ. ரேமின் அடிவிளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 என்று ரேமில் தலைமுறைகள் உண்டு; டெஸ்க்டொப் ரேமில் இரண்டுக்கும் பின் எண்ணிக்கை ஒன்றுதான், 288. ஆனால் வெட்டு வேறு இடத்தில், ஒன்றின் ஸ்லொட்டில் மற்றது இறங்காது. இறங்காததை அழுத்தக் கூடாது என்பது கைக்குத் தெரிய வேண்டும், அது வாசித்து வருவதில்லை.

ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் திறக்கலாம். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்காதையுங்கோ. எங்கட வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை நேரோட்டமாக மாற்றும்போது உள்ளே மின்னைத் தேக்கி வைக்கிற பெரிய கொன்டென்சரில் 325 வோல்ட் அளவில் ஏறி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கே இருக்கலாம். வெளியே வருகிற 12, 5, 3.3 வோல்ட் வயர்களை ஒரு மல்டிமீட்டரால் அளந்தால் உங்களுக்குப் போதும். அதேபோல ஊதிப்போன லெப்டொப் பற்றரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

கேஸின் இரும்பில் கை பட்டால் சுள்ளென்று ஒரு கூச்சம் தெரிகிறதா? எங்கட பக்கம் பல வீடுகளில் இது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக்தான் காரணம். மின் இரைச்சலை வடிகட்ட பவர் சப்ளைக்குள் இரண்டு சின்னக் கொன்டென்சர்கள் இரண்டு கம்பிகளில் இருந்தும் கேஸுக்குப் போகின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கேஸில் பாதி மின்னழுத்தம், 115 வோல்ட் அளவில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்றபடியால் பொதுவாக ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் உள்ளே வேறு ஒரு பழுது வந்தால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. மூன்றாவது பின்னை முறித்துவிட்டுச் செருகுகிற பழக்கத்தை எங்கே கண்டாலும் நிற்பாட்டுங்கோ. கூச்சம் மட்டும்தான் என்று நம்பி இருந்துவிடாமல் எலெக்ட்ரீசியன் ஒருவருக்குக் காட்டுங்கோ.

எங்கட ஊர்க் காலநிலையும் ஒரு பாடம்தான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சூடும் புழுதியும். அந்தக் காலத்தில் வருகிற லெப்டொப்களில் பாதிக்கு, காற்றாடிக்கு முன்னால் தூசு மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். வாடை மழை தொடங்கினால் ஈரமும் உப்பும். மழை தொடங்குகிற ஐப்பசி, கார்த்திகை முழக்கத்தில் மின்னல் அடித்த அடுத்த நாள், மெஷின் ஓடும், நெட்வேர்க் போர்ட் மட்டும் செத்திருக்கும். செம்புக் கம்பி வழியாக வந்த அதிர்ச்சி ரவுட்டரைத் தாண்டி மெஷின் வரைக்கும் போயிருக்கும். ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்னல் வராது; ஆனால் ரவுட்டரின் அடப்டர் சுவரில்தானே செருகியிருக்கிறது, அதைக் கழற்ற மறந்தால் ஃபைபர் இருந்தும் பிரயோசனமில்லை. ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெளியால் இழுத்த செம்பு லேன் கேபிள்தான் எனக்குப் பெரிய பயம். அந்த இடத்துக்கு ஃபைபர் போடச் சொல்லுங்கோ.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தனியே பெட்டி திருத்துகிற வேலை சுருங்கிக்கொண்டு வருகிறது. புதிய லெப்டொப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது, மாற்ற ஒன்றுமில்லை. அந்தத் தொழிலில் நிலைக்க விரும்புகிறவர்கள் மைக்ரோஸ்கோப்பின் கீழ் சொல்டரிங் செய்யுமளவுக்குப் போக வேண்டும். ஆனால் ஹார்ட்வெயர் தெரிந்த ஆளுக்குத் திறந்திருக்கிற கதவுகள் வேறு. வங்கி, ஆஸ்பத்திரி, நிலாவெளி ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் பாவனையாளருக்கு உதவுகிற ஐ.டி. சப்போர்ட் வேலை இருக்கிறது; அதில் இருந்து நெட்வேர்க்குக்கும் சேர்வர் பக்கத்துக்கும் ஏறலாம். சீனக்குடாப் பக்கத்தில் மாவாலையும் சீமெந்து ஆலையும் இருக்கிற மாவட்டம் இது. ஆலை இயந்திரங்களை ஓட்டுகிற பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒருவகைக் கொம்பியூட்டர்தான், அந்தத் திசையை எங்கட பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது குறைவு.

படிப்புக்கு: காசு கட்ட முதல் சிஸ்கோ நெட்வேர்க்கிங் அகடமியின் இணையத்தளத்தில் ஹார்ட்வெயர் அடிப்படை கோர்ஸை இலவசமாகச் செய்து பாருங்கோ. பிடித்திருந்தால் என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமையின் 4ஆம் மட்டத்துக்குப் போங்கோ. வணிகப் பிரிவு அதற்குத் தடையில்லை. அதில் இருந்து 5, 6 என்று டிப்ளோமாக்களும், 7ஆம் மட்டத்தில் பட்டமும் என்று மேலே ஏற வழி இருக்கிறது. தனியார் நிறுவனம் என்றால், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, அந்தக் கோர்ஸுக்கே அங்கீகாரம் இருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கோ. பதிவு இருக்கும், கோர்ஸுக்கு அங்கீகாரம் இருக்காது. பலர் அகப்படுவது இங்கேதான். கொம்ப்டியா ஏ பிளஸ் சர்வதேசச் சான்றிதழ், இரண்டு பரீட்சை, கட்டணம் டொலரில். இப்போதைக்கு எழுத வேண்டாம். ஆனால் அதன் பாடத்திட்டத்தை அவர்களே இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள், அதை எடுத்து வைத்துக்கொண்டு தெரிந்ததைக் கோடிட்டுக்கொண்டு வாருங்கோ. பட்டம்தான் இலக்கு என்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.டி. வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, ஆங்கில மொழியில்.

பெண்பிள்ளை என்ற கேள்விக்கு நீட்ட ஒன்றுமில்லை. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். பெட்டியைத் தூக்குவது பாரம்தான், அது எனக்கும் பாரம்தான். இரவில் கூரையில் ஏறி கேபிள் இழுக்கிற வேலை வேண்டாம் என்றால் அப்படி இல்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. வீட்டில் யோசிப்பார்கள் என்றால் ஆஸ்பத்திரி, கல்வி அலுவலகம் மாதிரியான இடங்களின் ஐ.டி. பகுதியைக் காட்டிக் கதையுங்கோ.

கடைசியாக, மெஷின். புதிய லெப்டொப்புக்குக் கடன்பட வேண்டாம். ஒஃபிஸ்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலீட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் மாதிரியான பாவித்த டெஸ்க்டொப் ஒன்று உங்களுக்குப் போதும். திறக்க லேசு, பாகங்களும் கிடைக்கும். இன்டெல் புரொசெசர் என்றால் ஐ5, ஐ7 என்பதைப் பார்த்து ஏமாறாமல் கோட்டுக்குப் பிறகு வருகிற எண்ணைப் பாருங்கோ. ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5-10400 என்றால் 10ஆம் தலைமுறை. 2011இல் வந்த ஐ7-2600ஐ விட 2017இல் வந்த ஐ3-8100 பெரும்பாலான வேலைகளில் வேகம். எட்டுக்குக் கீழே போக வேண்டாம்; விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறையாக ஏற்பது 8ஆம் தலைமுறையில் இருந்துதான். 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தொடங்கப் போதும். 256 என்று வாங்கியது திரையில் 238 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதையுங்கோ, உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது.

மிஞ்சிய காசில் 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று எடுங்கோ. 650 என்பது வொட் அல்ல, அதில் 360 வொட் அளவுதான் உண்மையில் கிடைக்கும்; டெஸ்க்டொப்புக்கும் மொனிட்டருக்கும் தாராளம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருக வேண்டாம், சூடாகும் நேரத்தில் அது இழுக்கிற கரண்டுக்கு யூ.பி.எஸ். கத்திக்கொண்டு நின்றுவிடும்.